பதில்: டயருக்குத் ‘தோற்ற விகிதம்’ வேண்டாம், ‘விலா விகிதம்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம். டயர் அளவில் வரும் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ (aspect ratio) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘தோற்ற விகிதம்’ என்று இருக்கிறது. அதை ‘விலா விகிதம்’ என்று மாற்றலாம் என்றேன். அதற்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது.

> ‘தோற்ற விகிதம்’ திரைக்கும் படத்துக்கும் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. டயருக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு? ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்பதுதான் முறை.

ஐயா சொல்லும் முறை பொதுவாகச் சரி. ஆனால் டயர் வாங்கப் போகிறவரை இந்தச் சொல் திசைதிருப்பிவிடும். எப்படி என்று என் வண்டியை வைத்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டியோடு வந்த டயர் 185/65 ஆர் 15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசியில் உள்ள 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (‘ஆர்’ எழுத்தைப் பார்த்து 15 ஆரம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ரேடியல் என்ற டயர் வகையின் முதலெழுத்து.) நடுவில் நிற்கும் 65-தான் நாம் பேசும் விகிதம். டயரின் பக்கவாட்டு உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்கிறது. 185-இல் 65 விழுக்காடு என்றால் 120 மி.மீ. ரிம்முக்கும் தரைக்கும் நடுவே அரைச் சாண் ரப்பரும் காற்றும்.

போன வருஷம் அலாய் வீல் போட ஆசைப்பட்டோம். என் பையனுக்கு 17 அங்குலம்தான் வேண்டும். கடையில் இருந்தவர் “அப்சைஸ் பண்ணிடலாம் சார், லுக்கே மாறிடும்” என்றார். கையிருப்பில் இருந்தது 205/40 ஆர் 17. நடுவில் இருக்கும் 40 என்ன என்று கேட்டேன். “அது புரொபைல் சார், கம்மியா இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்.” ‘தோற்ற விகிதம்’ என்று எழுதினால் நாமும் அதையேதான் சொல்கிறோம். இது பார்வைக்கான எண், கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள் என்று ஆகிவிடுகிறது.

வாங்கிப் போட்ட பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 205-இல் 40 விழுக்காடு 82 மி.மீ. அதாவது 120 இருந்த இடத்தில் 82. ரிம் இரண்டு அங்குலம் பெருத்தும் சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மி.மீ.யிலிருந்து 596-க்கு இறங்கியிருந்தது. முன்பு ஸ்பீடோமீட்டர் 60 காட்டிய அதே வேகத்துக்கு இப்போது 62-ஐத் தாண்டிக் காட்டியது. ஓடாத தூரமும் மீட்டரில் ஏறியது. வண்டியின் அடிவயிறு 13 மி.மீ. தரைக்கு இறங்கிவிட்டதால் நாலு பேர் ஏறினால் வேகத்தடையில் உரசல். இன்னொன்றும் இருக்கிறது. பழைய டயரில் அளவுக்கு அடுத்துப் போட்டிருந்த சுமை எண் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். புதியதில் 84, அதாவது 500 கிலோ. டயருக்கு 60 கிலோ போயிற்று. இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு, அரியாங்குப்பம் தாண்டித் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கியது. ‘டங்’கென்று ஒரு சத்தம். ரப்பர் சத்தமே இல்லை, உலோகம் கல்லில் மோதிய சத்தம். மறுநாள் காலை பார்த்தால் டயரின் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழத்தை ஒட்டவைத்தது போல ஒரு வீக்கம். பஞ்சர் கடைத் தம்பி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “உள்ள நூலு அறுந்துபோச்சுண்ணே. இதோட ஓட்டாதீங்க, வெடிச்சிரும்.” ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிற காயமில்லை அது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி ரப்பர் நசுங்கும்போது உள்நூல் அறுகிறது, அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. 120 மி.மீ. இருந்திருந்தால் வளைந்துகொடுக்க இடம் இருந்திருக்கும்.

ஆகவே அந்த நடு எண் வண்டியின் முதுகெலும்பையும் நம் முதுகெலும்பையும் காப்பாற்றுகிற எண். தோற்றம் அதனால் மாறுகிறது, உண்மைதான். ஆனால் சொல் முதலில் காட்ட வேண்டியது அதையா?

> ‘பக்கச்சுவர் விகிதம்’ என்று வைக்கலாமே. படித்தவுடன் புரியும்.

புதுவை அக்கா சொன்ன இது முந்தையதைவிட நல்ல சொல். எதை அளக்கிறோம் என்றாவது தெரிகிறது. எனக்கு இடிப்பது ‘சுவர்’. சுவர் என்றால் அசையாமல் நிற்கவேண்டும், வளைந்தால் அது கெட்ட சுவர். டயரின் இந்தப் பகுதிக்கு வளைவதுதான் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும்போது பிதுங்கி, விட்டவுடன் நிமிர்கிறது. உயிருள்ள உடம்பின் பாகம் மாதிரி. அதனால்தான் ‘விலா’ என்கிறேன்.

டயரில் தரையைத் தொடும் பரப்பு மடிந்து இறங்கும் ஓரத்தை எல்லாக் கடையிலும் ‘ஷோல்டர்’ என்கிறார்கள். அது தோள் என்றால், தோளுக்குக் கீழே இருப்பது விலா. படம் பொருந்திவிடுகிறது. அந்த வீக்கத்தைப் பாருங்கள். விலாப் புடைக்கச் சாப்பிட்டான் என்று எப்போதும் சொல்கிறோம். டயர் அப்படிப் புடைத்தால் ‘விலாப் புடைப்பு’. தேடிப் போகாமலே சொல் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

> விலா என்றாலே எலும்புதானே நினைவுக்கு வரும்? டயரில் எலும்பு எங்கே?

விலா என்பது உடம்பின் பக்கம். அதில் இருப்பதால்தான் அது விலா எலும்பு. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்கு ஒரு நன்மை செய்தது. ரேடியல் டயரின் உள்ளமைப்பைத் திரும்பப் படித்தேன். மிஷெலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. தரையைத் தொடும், பட்டன் இருக்கும் மேற்பரப்புக்கு அடியில் மட்டும் எஃகுப் பட்டைகள் சுற்றி ஓடும். பக்கங்களில் எஃகுப் பட்டை கிடையாது. அங்கே நூல்கள் மட்டும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, ஒன்றன்பின் ஒன்றாக, குறுக்கே வளைந்து போகின்றன. முதுகிலிருந்து வளைந்து முன்னால் வரும் விலா எலும்புகள் போலவே. எலும்பை நினைத்துக்கொண்டாலும் சொல் தப்பாகாது.

ரிம்முக்கு ‘விளிம்பு’ என்று பட்டியலில் இருப்பதையும் மாற்றக் கேட்கிறேன். டயருக்கும் விளிம்பு உண்டு, பள்ளத்துக்கும் விளிம்பு உண்டு. ரிம்முக்கு நம்மிடம் ‘வட்டை’ இருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், குடத்திலிருந்து ஆரக்கால், ஆரக்கால்களைச் சுற்றி வட்டை, வட்டைமேல் இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வட்டையில் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன வண்டிகளில் கட்டை வண்டியும் உண்டு, டயர் வண்டியும் உண்டு. கட்டை வண்டியில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், அதில் வட்டைக்கும் தரைக்கும் நடுவே இரும்பு மட்டும்தான். விலாவே கிடையாது. ஒரு கல் ஏறினால் மண்டை வரை இடிக்கும். விலா விகிதம் 65, 55, 45, 40 என்று குறையக் குறைய நாம் கட்டை வண்டியை நோக்கித் திரும்பிப் போகிறோம். ‘தோற்ற விகிதம்’ என்ற சொல்லில் இந்த உண்மை தெரியவே தெரியாது.

‘அப்சைஸ்’ என்பதும் இதே குழப்பத்தைத்தான் தருகிறது. சக்கரம் முழுவதும் பெரிதாகிறது என்று நினைக்க வைக்கிறது. பெரிதாக வேண்டியது வட்டை மட்டும், மொத்த விட்டம் இருந்தபடி இருக்கவேண்டும். ‘வட்டையேற்றம்’ என்று வைத்து எழுதிப் பார்த்தேன்:

“வட்டை ஓரங்குலம் ஏறினால் அகலம் பத்து மி.மீ. கூடட்டும், விலா விகிதம் பத்து குறையட்டும்.”

இதன்படி 185/65 ஆர் 15-க்கு அடுத்தது 195/55 ஆர் 16. விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய 621, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கடுத்தது 205/45 ஆர் 17, விட்டம் 616. எல்லா அளவுக்கும் இந்த வாய்பாடு அச்சாகப் பொருந்தாது, கணக்குப் போட்டே எடுக்கவேண்டும். ஆனால் கடையில் நின்றபடி மனத்தில் வைத்துக்கொள்ள இது போதும். இந்த வாக்கியம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் 205/40-ஐத் தொட்டிருக்கமாட்டேன்.

இப்போது வண்டியில் இருப்பது 195/55 ஆர் 16. விலா உயரம் 107 மி.மீ. பையனுக்கு முதலில் மனக்குறைதான், பிறகு பழகிவிட்டான். இந்த அளவில் சுமை எண் 87 உள்ளதும் கிடைக்கிறது, அது 545 கிலோ, பழைய 88-ஐவிடக் குறைவு. காத்திருந்து 91 வாங்கினேன், 615 கிலோ. பக்கத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பார்த்துத்தான் எடுத்தேன். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. தினமும் ஓடுகிற வண்டிக்கு, அதுவும் கார்த்திகை வரை மழையில் ஓடுகிற வண்டிக்கு, இதற்குக் கீழே விலாவைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் அதே பஞ்சர் கடைத் தம்பியிடம் காற்றுப் பிடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். “இதுக்கு விலா எவ்வளவு இருக்கு பாருப்பா” என்றேன். விளக்கம் எதுவும் கேட்காமல் நேராக டயரின் பக்கத்தில் கையை வைத்து, “பழசவிட இதுக்கு நல்லா இருக்குண்ணே” என்றார். அகராதிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சொல்லுக்கு இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

விலா, விலா விகிதம், விலாப் புடைப்பு, வட்டை, வட்டையேற்றம். இந்த ஐந்தையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

‘பீட்’ என்னும் பாகத்துக்கு, அதாவது வட்டையைக் கவ்விப் பிடிக்கும் டயரின் உள்விளிம்புக்கு, இன்னும் சொல் அமையவில்லை. உள்ளே எஃகுக் கம்பி வளையமாக ஓடுவதால் ‘கம்பிக்கட்டு’ என்று ஒருவர் சொன்னார், ‘கவ்வு’ என்று இன்னொருவர். டயரைக் கழற்றி மாட்டுகிறவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலியார்பேட்டைப் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து