கழிவைக் குறைக்கும் பயிற்சி வகுப்போடு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (கூட்டுத்தையல்):
வணக்கம். எங்கள் பகுதிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னத் தையல் கூடம் இது. சீருடை, துணிப்பை, தலையணை உறை என்று ஆர்டர் எடுக்கிறோம். வேலையில் வீணாவதைக் குறைக்கும் லீன் முறை பற்றி ஒரு வகுப்பு வைத்தோம். ஏழு வகைக் கழிவு, வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் எல்லாம் படம் போட்டு விளக்கினார்கள், எல்லோரும் குறிப்பும் எடுத்தார்கள். ஆனாலும் வெட்டு மேசைக்கடியில் துண்டுத்துணி மூட்டை அதே அளவுக்குத்தான் சேர்கிறது, தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கிற வேலையும் குறையவில்லை. இப்போது பக்கத்துக் குழுக்கள் தங்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்களுக்கே பலன் தெரியாததை அவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது? எங்கே தொடங்கலாம்?

பதில் 1 (லைன் சூப்பர்வைசர்):
அந்த மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டுங்கள், அங்கிருந்துதான் தொடங்கணும். மொத்தமாக எடை போட்டால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் விழுந்த நாடாத் துண்டுகள் தனி, உள்ளங்கையை விடப் பெரிய துண்டுகள் தனி, தைத்தபின் கழித்தவை தனி என்று குவித்து ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். பெரிய துண்டு அதிகம் என்றால் பேட்டர்னை (வெட்டுவதற்கான அச்சை) துணிமேல் அடுக்கும் விதத்தில்தான் கோளாறு. ஒரே அளவை வரிசையாக வைக்காமல், பெரிய அளவின் கழுத்து வளைவிலும் கை வளைவிலும் மிஞ்சும் இடத்தில் சின்ன அளவின் காலரையும் பாக்கெட்டையும் பொருத்திப் பாருங்கள். இடம் கிடைக்கிறதே என்று துண்டைக் கோணலாகத் திருப்பி வைத்துவிடாதீர்கள், நூலோடும் திசை மாறினால் துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும். தைத்துக் கழித்தது அதிகம் என்றால் மெஷின் பக்கம் போய்ப் பாருங்கள்.

பதில் 2 (பயிற்சியாளர்):
மெஷின் பக்கம் போனால் அங்கேயே சொல்லிக்கொடுங்கள், வகுப்பு வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமில்லாத ஆட்கள் கூட்டமாக வந்தபோது ‘டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம் வந்தது. முதலில் ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யவிட்டுப் பார், பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டிரு. அவ்வளவுதான் முறை. கற்பவருக்கு வரவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் அதில் அடிப்படை. லீன் முறைக்கு மூலமான ஜப்பான் கார் நிறுவனம் டொயோட்டாவும் 1950களில் இதை எடுத்துக்கொண்டது. செய்து காட்டும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லணும். பாக்கெட் மூலையில் திரும்பும் முன் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டுத்தான் அழுத்துக்காலைத் தூக்கணும், இல்லாவிட்டால் துணி நகர்ந்து மூலை கோணிவிடும். இந்த ஒரு விஷயம் எல்லோர் கையிலும் படிந்தாலே பிரித்துத் தைப்பது குறையும். பக்கத்துக் குழுவுக்கும் உங்களில் நன்றாகத் தைக்கிற ஒருவர் போய் அவர்கள் மெஷினிலேயே உட்கார்ந்து காட்டட்டும்.

பதில் 3 (சிறுதொழில்):
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் பண்டில் மேல்தான். முப்பது பீஸைக் கட்டாகக் கட்டி அடுத்த மெஷினுக்குக் கொடுக்கிறீர்களா? முதல் பீஸில் பாக்கெட் தள்ளிப் போயிருந்தால் முப்பதும் முடிந்து செக்கிங் வரும்போதுதான் தெரியும், அதற்குள் எல்லாமே பாழ். தேவைக்கு மேல் செய்து குவிப்பதுதான் கழிவுகளிலேயே மோசமானது, மற்ற கழிவையெல்லாம் அது மூடி மறைத்துவிடும் என்பது டொயோட்டாவின் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்த தாய்ச்சி ஓனோ அழுத்திச் சொன்ன விஷயம். கட்டை ஐந்து பீஸாகக் குறையுங்கள். அடிக்கடி எழுந்து போய்க் கொடுக்க வேண்டி வரும் என்பதால், அடுத்தடுத்த வேலைக்கான மெஷின்களைக் கைக்கெட்டும் தூரத்தில் போடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, கூலி பீஸ் கணக்கிலா?

கூட்டுத்தையல்:
ஆமாம், பீஸ் கணக்குதான்.

பதில் 3 (சிறுதொழில்):
அப்படியென்றால் முதலில் அதைப் பேசுங்கள். தப்பு கண்ணில் பட்டு ஒருவர் நிறுத்திச் சொன்னால் அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி இல்லை. பிறகு யார் சொல்வார்கள்? டொயோட்டாவில் கோளாறு தெரிந்தால் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவிக்குக் கூப்பிடலாம், உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். அதற்காக அவர் கூலியில் கை வைப்பதில்லை. நிறுத்திச் சொன்ன நேரத்துக்கும் கூலி உண்டு என்று உங்கள் கூட்டத்தில் முடிவெடுத்தால்தான் நாங்கள் சொன்ன மற்றதெல்லாம் ஓடும்.

கூட்டுத்தையல்:
இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வர்ற கூட்டத்தில் கூலி விஷயத்தைத்தான் முதலில் எடுக்கிறோம். மூட்டையைக் கொட்டி எடை போட்டுவிட்டு எந்தக் குவியல் பெரிதாக வந்தது என்று இங்கே எழுதுகிறேன். அதுவரை பக்கத்துக் குழுக்களைக் காத்திருக்கச் சொல்கிறோம்.