சுருட்டில வெள்ளை பூத்திருக்கு, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம். கியூபாச் சுருட்டுகளை ருசி பார்த்துக் குறிப்பெழுதுறது என்ர பொழுதுபோக்கு. வீடு வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம். ஹியூமிடோருக்குள்ள (சுருட்டு காயாமல் வைக்கிற பெட்டி) ஈரப்பதனை 65%இல நிப்பாட்டுற பை போட்டும் ஈரப்பதன் மீற்றர் 74 காட்டுது. மூடின டப்பாவுக்க ஈர உப்போட வைச்சா 75 காட்டவேணும்; மீற்றரை அப்பிடி வைச்சுப் பார்த்தன், சரியா 75 காட்டினது. அப்ப மீற்றரில பிழையில்லை.

இப்ப ரெண்டு சுருட்டில, பத்த வைக்கிற முனையில, பஞ்சு மாதிரி வெள்ளை. துடைச்சா மேலிலையில பச்சைக் கறை நிக்குது. சீடர் மர வாசம் போய்ப் பழஞ்சாக்கு மணம். வித்தவர் "புகையிலை எண்ணெய் பூத்தது, நல்லது" எண்டுறார், நான் நம்பேல்லை, பூஞ்சணம் எண்டுதான் நினைக்கிறன். (அப்பாவின்ர யாழ்ப்பாணச் சுருட்டு சேர்ட் பொக்கற்றிலயே கிடக்கும், ஒரு கரைச்சலும் இல்லை!)

பக்கத்தில கிடந்த மற்றச் சுருட்டுகளைக் காப்பாற்றலாமோ? ஏசி இல்லாத வீட்டில சுருட்டு வைக்க வைன் கூலர் (வைன் போத்தலுக்கான சின்னக் குளிர்ப்பெட்டி) பாவிக்கிற ஆக்கள் இருக்கிறியளோ? வெக்கை 25 பாகை தாண்டினா சுருட்டுக்குள்ள கிடக்கிற புகையிலை வண்டு முட்டை பொரிக்கும் எண்ட பயமும் இருக்கு.