மறு: மறு: ஸ்பானிய ‘சுப்ஹுந்தீவோ’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘வியங்கோள் வினை’ என்றே போட்டுவிடலாமே. புதிதாக எதற்கு ஒரு சொல்?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பள்ளியில் படித்த வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் நான்கும் ‘சுப்ஹுந்தீவோ’ (ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ்) என்ற இந்த ஸ்பானிய வினைவடிவத்தில் அப்படியே வந்து உட்காருகின்றன. விடைபெறும்போது சொல்லும் ‘கே தே வாயா வியென்’ (உனக்கு எல்லாம் நல்லபடி நடக்கட்டும்) வாழ்த்து. ‘மல்தீத்தோ சேயா’ (நாசமாய்ப் போக) வசவு. கர்த்தர் ஜெபத்தில் வரும் ‘ஆகாசே து வொலுந்தாத்’ (உம்முடைய சித்தம் ஆகட்டும்) வேண்டல். வாசலில் நிற்பவரை மரியாதையோடு உள்ளே அழைக்கும் ‘பாசே’ நம்முடைய ‘வருக’வேதான். ‘விவா’வும் ‘வாழ்க’வும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். நம் வியங்கோள் எதிர்காலத்தைத் தாண்டாது. ஸ்பானிய வடிவத்துக்கோ, ‘வா’ என்ற வினையை எடுத்துக்கொண்டால், ‘வெங்கா’ என்று நிகழ்காலமும் உண்டு, ‘வினியேரா’ என்று இறந்தகாலமும் உண்டு. ‘இறந்தகால வியங்கோள்’ என்று எழுதினால் நன்னூல் எழுதிய பவணந்தியார் கோபித்துக்கொள்வார். வியங்கோள் தன்மைக்கும் முன்னிலைக்கும் வராது என்ற தொல்காப்பியரைத் தாண்டி, எல்லா இடத்துக்கும் பாலுக்கும் வரும் என்று திறந்துவிட்டவர் அவர். ஆனால் காலத்தைத் திறக்கவில்லை.

> அப்படியானால் ‘ஐயவினை’? சந்தேகம் இருந்தால்தானே இந்த வடிவம் வருகிறது?

பாதி சரி. ‘க்ரேயோ கே வியேனே’ என்றால் ‘அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்’, சாதாரண வினை. ‘நோ க்ரேயோ கே வெங்கா’, அதாவது ‘வருவான் என்று நினைக்கவில்லை’ என்றதும் வியேனே வெங்காவாகிவிடுகிறது. ஆனால் ‘மே அலேக்ரோ தே கே ஆயாஸ் வெனீதோ’ என்பதைப் பாருங்கள். ‘நீ வந்ததில் எனக்குச் சந்தோஷம்’. ஆள் வந்து எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், இதில் ஐயம் எங்கே? இருந்தும் ‘ஆயாஸ்’ அதே வடிவம்தான். ‘விருப்பவினை’யும் இதே இடத்தில் அடிபடும், அவர் ஏற்கெனவே வந்தாயிற்று.

லத்தீன் பெயரின்படி ‘சார்புவினை’ என்று போனால், தனியே நிற்கும் ‘விவா’ எதைச் சார்ந்தது?

நான் பார்த்தவரை விஷயம் இதுதான். சாதாரண வினையில் பேசுபவர் ஒன்றைச் செய்தியாக முன்வைக்கிறார். இந்த வடிவத்தில் அதைச் செய்தியாக வைக்காமல், மனத்தில் கொண்டு அதன்மேல் வேறொன்று சொல்கிறார். எனக்கு இது உறைத்தது வீடு தேடும் வாக்கியத்தில். ‘பால்கனி உள்ள ஒரு வீட்டைத் தேடுகிறேன்’ என்றால் எங்கோ அப்படியொரு வீடு இருக்கிறது, கதவு எண்தான் மறந்துவிட்டது, ஸ்பானியத்தில் ‘தியேனே’. ‘பால்கனி உள்ள வீடாகத் தேடுகிறேன்’ என்றால் வீடு இன்னும் நினைப்பில்தான், அங்கே ‘தெங்கா’. நாம் பெயரில் ஐயும் ஆகவும் போட்டுக் காட்டுவதை அவர்கள் வினையின் வடிவத்தை மாற்றிக் காட்டிவிடுகிறார்கள். ‘மழை பெய்கிறதுதான், ஆனாலும் போவேன்’ என்பதற்கும் ‘மழையே பெய்தாலும் போவேன்’ என்பதற்கும் இடையே அவர்களுக்கு யுவேவே, யுவேவா என்கிற வித்தியாசம் போதும்.

எனவே என் முன்மொழிவு: ‘சாற்றா வினை’ (சாற்றுதல் என்றால் அறிவித்தல்). மற்றது ‘சாற்று வினை’.

> சாற்று என்றதும் எங்கள் வீட்டில் ரசம்தான் ஞாபகம் வரும். அது போகட்டும், ‘சாற்றா’ என்பதைப் படிக்கும் மாணவர் இதை எதிர்மறை வினை என்றல்லவா எடுத்துக்கொள்வார்? ‘உண்ணா’, ‘செல்லா’ வரிசையில் சேர்த்துவிடுவாரே.

ரசத்தைச் சமாளித்துவிடலாம், இரண்டாவது அடியைச் சமாளிக்க முடியாது. ‘நோ வெங்கா’ போன்ற உண்மையான எதிர்மறையும் இந்த வடிவத்தில் வருவதால் ‘எதிர்மறைச் சாற்றா வினை’ என்று எழுத நேரும். படிப்பவர் ஓடிவிடுவார். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வியங்கோளின் ‘கோளை’ மட்டும் எடுத்து ‘உட்கோள் வினை’ என்றால்? உள்ளத்தில் கொள்வது. வானியல்காரர்கள் புதனும் வெள்ளியும் என்று கிளம்பலாம். ‘வினை’ என்று பின்னால் வருவதால் பெரிய குழப்பம் இராது. மற்றதற்குச் ‘செய்திவினை’ போதும். அகராதிப் பதிவில் வைத்துப் பார்த்தேன்:

வெங்கா: ‘வெனீர்’ (வா) என்பதன் நிகழ்கால உட்கோள் வினை, படர்க்கை ஒருமை. தன்மை ஒருமைக்கும் இதுவே.
வினியேரா: மேற்படியின் இறந்தகால உட்கோள் வினை.

இரண்டாவது வரி இடறாமல் நிற்கிறது. வியங்கோளில் அது முடியவில்லை. யாராவது இதையும் உடைக்க முடிந்தால் உடையுங்கள், கலைச்சொல் பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை.