அப்பா தட்டிய கூத்துக் கொப்பி கொம்பியூட்டரில் குப்பையாகத் தெரிகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெறுந்தேத்தண்ணி (பாண்டிருப்பு):

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். 2002இல் சமாதானம் என்று றோட்டெல்லாம் திறந்த காலத்தில் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கொம்பியூட்டர் வந்தது. மற்ற வாத்திமார் வீட்டுக்குப் போன பிறகு அப்பா பின்னேரங்களில் அதில் குந்திக்கொண்டு ஒரு வேலை பார்த்தார். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடமிருந்த வடமோடிக் கூத்துக் கொப்பியை இரவல் வாங்கி வந்து, தரு (கூத்துப் பாட்டு), விருத்தம், வசனம், தாளக்கட்டு என்று ஒன்றும் விடாமல் தட்டி ஏற்றினார். பாரதக் கதை. மொத்தம் 214 பக்கம். ஒரு விரலால் தட்டுகிற மனிதர், இரண்டு வருடம் எடுத்தது.

அந்தக் கொப்பி இப்போது இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அண்ணாவியார் வீட்டோடு சேர்த்துக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பா ஒரு சீடியில் பதிந்து மண்டூரில் பெரியம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார். வாவிக்கு மேற்கே, கடலுக்கு எட்டாத படுவான்கரை என்பதால் அது தப்பியது. பெரியம்மா அதைக் கூறைச்சேலை மடிப்புக்குள் வைத்து இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறார்.

போன மாதம் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிப் போய் அதை வாங்கி வந்தேன். என் லப்டொப்பில் சீடி போட இடமே இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய கொம்பியூட்டரில் போட்டுப் பென்டிரைவில் எடுத்தோம். நல்லவேளை, சீடி வாசித்தது. ஆனால் வேர்டில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, டொலர் குறி எல்லாம் கலந்து பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுகாவும் பார்த்தார். “என்ட கண்தான் பழுதாப் போச்சாக்கும்” என்றார். கற்றரக்ட் வெட்டிய கண்.

கடை ஒன்றில் காட்டினேன். வைரஸ் புகுந்து பைல் கெட்டுவிட்டது, பக்கத்துக்கு 120 ரூபா தந்தால் புதிதாகத் தட்டித் தருகிறோம் என்றார்கள். எதைப் பார்த்துத் தட்டுவீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. 25,680 ரூபா என்ற கணக்கு மட்டும் உடனே வந்தது.

உண்மையாகவே கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

மருதமுனை மச்சான்:

இதற்கா இவ்வளவு பாடு? அச்செடுத்த தாளைப் போனில் படம் பிடித்து கூகுள் லென்ஸில் காட்டுங்கள். தமிழை நன்றாகவே எடுக்கிறது. வாப்பாவின் பழைய உறுதிகளை நான் அப்படித்தான் எடுத்தேன்.

வெறுந்தேத்தண்ணி:

தாள் ஒன்று இருந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டேன் தம்பி.

பழைய அச்சுக்காரன் (கல்முனை):

தங்கச்சி, முதலில் போய் அப்பாவிடம் சொல்லுங்கள். அவருடைய கண்ணும் நல்லாயிருக்கிறது, பைலும் நல்லாயிருக்கிறது. வைரஸுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அது பாமினி.

நான் அச்சகத்தில் 22 வருடம் இருந்தவன். அந்த நாளில் கொம்பியூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்பா ‘த’ என்று நினைத்துத் தட்டியபோது அது ‘ஜே’ என்றுதான் எழுதி வைத்தது. பாமினி எழுத்துரு அந்த ஜேக்கு ‘த’ என்று உடுப்புக் கட்டிவிட்டது, அவ்வளவுதான். கூத்து முடிந்து உடுப்பைக் கழற்றினால் தருமராசாவும் பக்கத்து வீட்டுப் பொடியன்தானே. உங்கள் லப்டொப்பில் உடுப்புப் பெட்டி இல்லை, அதனால் பொடியன்மார் தெரிகிறார்கள்.

நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். அந்தக் குப்பைக்குள் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று எங்காவது வருகிறதா? அதுதான் ‘தமிழ்’. டொலர் குறி கிடக்கிறது என்றீர்களே, அது ‘கூ’. கூத்து என்று எழுதினால் டொலரில்தான் தொடங்கும். (கூத்துக்காரர் கையில் ஒருநாளும் டொலர் இருந்ததில்லை, அது வேறு கதை.) இந்த ஒழுங்கு சும்மா வந்ததுமில்லை. ஆங்கிலக் கீபோர்ட்டின் நடு வரிசையை இடமிருந்து தட்டினால் ‘யளனகபாதமட’ வரும், தமிழ் ரைப்ரைட்டரில் இருந்த அதே வரிசை. ரைப்பிங் வகுப்பில் நாங்கள் அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினோம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். வேர்டில் ஒரு வரியை அமத்திப் பிடித்துத் தெரிவுசெய்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அதில் நிற்கும். பாமினி என்றோ, அதே விசைமுறையில் வந்த வேறொரு பெயரோ இருக்கும். மறுகா அந்தச் சீடியையே துழாவுங்கள். அந்த நாளில் தட்டினவர்கள் எழுத்துருவையும் கூடவே போட்டு வைப்பது வழக்கம், பைலின் பெயர் டிடிஎப் என்று முடியும். அதை வலது கிளிக் பண்ணி இன்ஸ்டோல் கொடுத்துவிட்டு வேர்டை மூடித் திறந்தால் தமிழ் வந்து நிற்கும். இன்றிரவே எழுத்தைப் பெருப்பித்து ஒரு பிடிஎப் எடுத்து அப்பாவின் கையில் கொடுங்கள். பிடிஎப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்து போவதால் போனிலும் சரியாகத் தெரியும்.

அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம். இப்போது போனிலும் இணையத்திலும் தமிழ் ஓடுகிற யூனிகோட் முறைக்கு மாற்று மாற்று என்று பொடியன்மார் நிற்பார்கள். மாற்றினால் ‘வெள்ளம்’ எல்லாம் உருக்குலைந்து வரும், அந்தச் சிலுவையை நான் வருடக்கணக்காகச் சுமந்தவன். திருப்பிப் பாமினிக்குக் கொண்டுவந்தாலும் தொல்லைதான். காற்புள்ளி இருக்கிற விசையில் பாமினிக்காரன் ‘இ’யை வைத்துவிட்டான். நம் ஊர் நோட்டீசுகளில் ‘கல்முனைஇ பாண்டிருப்புஇ’ என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அப்படி வந்ததுதான். நாளைக்குப் புத்தகமாகப் போடப்போனாலும் பக்கம் கட்டுகிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருளை இன்னும் விடாத அச்சகங்கள் பாமினியில்தான் கேட்கும். பேஜ்மேக்கருக்குத் தமிழ் யூனிகோட் ஏறாது.

கீபோர்ட் கிறுக்கி (அக்கரைப்பற்று):

அண்ணன் சொன்னதில் கடைசிப் பந்தி தவிர எல்லாம் சரி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்காக ஒரு கூத்தை இன்னும் பாமினியில் பூட்டி வைக்கச் சொல்வது நியாயமா? அக்கா அந்தப் பிடிஎப்பில் ‘வீமன்’ என்று தேடிப் பார்க்கட்டும், ஒரு இடத்திலும் அகப்படாது. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. ஒரு வரியை எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் மறுபடி குப்பைதான். யூனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. இலங்கையிலும் 2008இல் கொம்பியூட்டர் தமிழுக்கு எஸ்எல்எஸ் 1326 என்று தரநிலையே வந்துவிட்டது. அண்ணன் பயப்படத் தேவையில்லை, அதிலுள்ள விசைப்பலகையும் அவருடைய பழைய ரைப்ரைட்டர் ஒழுங்கைத் தழுவியதுதான்.

வெள்ளம் உருக்குலைகிற விஷயத்துக்கு வருகிறேன். பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் கொம்பு கிடையாது. ‘ெ’ போட்டு, எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ‘ள’வைத் தட்டுவார்கள். ஆகவே ‘திரௌபதை’யில் நிற்கிற கொம்பும் ‘வெள்ளம்’ என்பதில் நிற்கிற ளகரமும் கொம்பியூட்டருக்கு ஒன்றுதான். யூனிகோட்டுக்கு மாற்றித் தருகிற மென்பொருள், அதாவது மாற்றி, சில இடங்களில் அவசரப்பட்டு இரண்டையும் ஔகாரமாக்கிவிடும். ‘வௌ்ளிக்கிழமை’, ‘வௌியீடு’ என்று செய்தித் தளங்களில் புள்ளியும் விசிறியும் (‘ி’, ‘ீ’) அந்தரத்தில் தொங்குவது இதனால்தான்.

ஆனால் திருத்துவது லேசு. ஔகாரம் ஏறிய எழுத்தின் மேல் இன்னொரு புள்ளியோ விசிறியோ ஏறவே முடியாது. அப்படி ஏறியிருந்தால் அது கட்டாயம் ளகரம். ஆகவே ‘ௌ’வுக்குப் பின்னால் புள்ளி நிற்கும் இடங்களை ‘ெள்’ என்றும், ‘ி’ நிற்கும் இடங்களை ‘ெளி’ என்றும், ‘ீ’ நிற்பதை ‘ெளீ’ என்றும் ஒரே தட்டில் மாற்றிவிடலாம். திரௌபதையும் கௌரவரும் அசையாமல் இருந்த இடத்தில் இருப்பார்கள். மாற்றுவதற்கு இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியைப் பாருங்கள், பாமினிக்கு வழி அதில் இருக்கிறது. 214 பக்கத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பத்துப் பத்தாகப் போடுங்கள்.

பழைய அச்சுக்காரன் (கல்முனை):

அட, நான் இத்தனை வருடமும் ‘வௌ’ வருகிற இடமெல்லாம் ‘வெள’ என்று ஒட்டுமொத்தமாக மாற்றிக்கொண்டிருந்தேன். வௌவாலும் அதோடு போயிருக்கும். அச்சில் இரண்டும் ஒரே மாதிரித் தெரிவதால் ஒருவரும் கேட்கவில்லை. சரி, நீங்கள் சொன்னபடியே செய்யட்டும். ஆனால் தங்கச்சி, பாமினிப் பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதுதான் உங்களுக்குக் கொப்பி.

வெறுந்தேத்தண்ணி (இரண்டு கிழமை கழித்து):

அண்ணாவுக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எழுத்துரு சீடியிலேயே கிடந்தது. இன்ஸ்டோல் பண்ணித் திறந்ததும் முதல் பக்கத்தில் காப்பு விருத்தம் வந்து நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து குந்தினார்.

மாற்றி முடிக்க ஒன்பது இரவு போனது. மூன்று மாற்றமும் சொன்னபடியே வேலை செய்தது. என் பிழை ஒன்று இருந்தது. முன்பக்கத்தில் அப்பா பள்ளிக்கூடத்தின் பெயரை ஆங்கிலத்திலும் அடித்திருந்தார், அதையும் சேர்த்து மாற்றியில் கொட்டிவிட்டேன். வாயில் நுழையாத ஒரு தமிழாகத் திரும்பி வந்தது. அப்பா அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்துச் சிரித்தார், ஏதோ ராட்சதன் பெயராம். மற்றப்படி, போனில் ‘வீமன்’ என்று தேடினால் அவருடைய வரவுத்தரு வந்து நிற்கிறது. கடைக்காரருக்கும் போய்ச் சொன்னேன். “ஓ, பாமினியா?” என்றார், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு சிக்கல். கண் களைக்கிறது என்பதால் நான் வாசிக்க வாசிக்க அப்பா கேட்டுச் சரிபார்க்கிறார். தாளக்கட்டு வரும்போது கதிரைக் கையில் தட்டிக்கொண்டே வருவார். 131ஆம் பக்கத்தில் ஒரு தருவில் கை நின்றுவிட்டது. “திருப்பி வாசி” என்றார். வாசித்தேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. ஒரு தட்டு குறைகிறதாம். மாற்றியின் வேலையாக இருக்கும் என்று பாமினிப் பைலைத் திறந்து பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருக்கிறது. “அப்ப கொப்பியிலயே விட்டிருந்ததோ, என்ட விரல் விட்டதோ” என்று இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தச் சொல் வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் போடச் சொல்ல மாட்டேன் என்கிறார். அண்ணா, அச்சகத்தில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?

பழைய அச்சுக்காரன் (கல்முனை):

மூலத்தைக் கேட்போம். மூலம் இல்லாவிட்டால் மூலத்தைப் பாடினவரைக் கேட்போம். அண்ணாவியாரின் ஆட்கள் யாரும் இல்லையா?

வெறுந்தேத்தண்ணி:

மகன் ஒருவர் நற்பிட்டிமுனையில் இருக்கிறாராம், தகப்பனோடு ஆடியவர். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அவரிடம் மத்தளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லி அப்பா காலையிலிருந்து நச்சரிக்கிறார்.