மறு: குளூட்டனுக்குப் ‘பசையம்’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> பசையம் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே, ஏன் மாற்ற வேண்டும்?

குளூட்டனைப் ‘பசையம்’ என்பதற்குப் பதில் ‘இழுபுரதம்’ எனலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது. பசையம் பொருந்துமா என்ற ஐயம் என் அடுப்படியில்தான் முளைத்தது. அக்கா மகளுக்கு சீலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அவளுக்காக அரிசிமாவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கேரட்டும் வெல்லமும் போட்டு ஒரு லோஃப் (துண்டு போடும் ரொட்டி) செய்தேன். செய்முறையில் ‘பசையமில்லா மாவு’ என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினால், “கேப்பைக்களி கையில ஒட்டுதே, பசை இருக்குதானே? அப்ப அதையும் கொடுக்கக்கூடாதா?” என்கிறார்.

அவர் மேல் குற்றமில்லை. களி ஒட்டுவது மாவுச்சத்தால். கவுனி அரிசியும் ஒட்டும். அதிலும் குளூட்டன் கிடையாது. லத்தீனில் குளூட்டன் என்றாலே பசைதான். அதை அப்படியே தமிழாக்கி, குழப்பத்தையும் கூடவே வாங்கிக்கொண்டோம்.

சப்பாத்தி மாவு உருண்டையைச் சற்று ஊறவிட்டு, தண்ணீருக்குள் பிசைந்து கழுவிப் பாருங்கள். பால்போல ஓடுவது மாவுச்சத்து. சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச உதவுவது அதுதான். கடைசியில் கையில் நிற்பது, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் மங்கல் மஞ்சள் கட்டி; அதுதான் குளூட்டன். இத்தாலிய அறிஞர் பெக்காரி இப்படிக் கழுவிப் பிரித்ததைப் பற்றிய கட்டுரை 1745-இல் வெளிவந்தது. ஆக, பசை கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியதற்குப் பெயர் பசையமாம்!

‘கோதுமைப்புரதம்’ சரிவராது, பார்லியிலும் ரை தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. ‘மாப்புரதம்’ என்றால் கடலைமாவு சண்டைக்கு வரும்.

என் பரிந்துரை ‘இழுபுரதம்’. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது இந்த இழுவையால்தான். என் முதல் லோஃப் கத்தி பட்டதும் புட்டாக உதிர்ந்தது, நடுவில் மட்டும் அல்வா. கிழங்கைத் தண்ணீரில் வேகவைத்தது என் தப்பு. இரண்டாம் முறை ஆவியில் வேகவைத்தேன்; இரண்டு முட்டையோடு இரண்டு தேக்கரண்டி இசப்கோல் (தண்ணீரில் கொழகொழக்கும் விதை உமி) சேர்த்து, முழுக்க ஆறிய பிறகே வெட்டினேன். துண்டு துண்டாக நின்றது. கிழங்கு மசியலில் பசைக்கா பஞ்சம்? இல்லாதது இழுவை. அந்த வேலையைத்தான் முட்டையும் இசப்கோலும் ஓரளவு செய்தன.

இந்தச் சொல்லைக் கேட்டால் ‘இழுபறி’ நினைவு வருகிறது என்று குழுமத்தில் ஒருவர் கேலி செய்திருந்தார். வரட்டுமே; ‘பசையுள்ள இடம்’ என்றால் மட்டும் வேறென்ன நினைவு வருகிறதாம்? சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, ‘ப்’ மிகாது. ‘இழுப்புரதம்’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: பொட்டலங்களில் எந்தத் தமிழ்ச்சொல் வந்தாலும் பக்கத்தில் ‘குளூட்டன்’ என்றும் இருக்கட்டும். குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினால் ‘குளூட்டன் இல்லாத உணவு’ என்று சொல்லக்கூடாது என்பது விதி. அவ்வளவு நுணுக்கமான விஷயம். கூட்டுப்பெருங்காயத்தில் மைதா இருப்பது எங்களுக்கே ரசம் வைத்த பிறகுதான் தெரிந்தது.