ஹை ஆங்கிள் வைத்தும் மகன் குறுகித் தெரியவில்லை, ஏன்?

முதல்படம்:
ஏழு நிமிடக் குறும்படம். வேலையை விட்டுவிட்டதை மகன் அப்பாவிடம் சொல்லும் காட்சி. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகத்தில் படித்த மாதிரியே, மகன் சின்னவனாகத் தெரிய மேலிருந்து பார்க்கும் ஹை ஆங்கிள், அப்பா பெரியவராகத் தெரியக் கீழிருந்து பார்க்கும் லோ ஆங்கிள் வைத்தேன். பார்த்த நண்பன், "பையன் ஷாட் சிசிடிவி மாதிரி இருக்குடா" என்கிறான். எங்கே தப்பு?

ஃபோகஸ்காரன்:
கேமராவைக் கூரைப் பக்கம் ஏற்றிவிட்டீர்கள் போல. அங்கிருந்து பார்க்க அந்த அறையில் யாரும் இல்லையே! அப்பாவின் கண்ணைவிட ஒரு சாண் மேலே போதும்.

கத்தரிக்கோல்:
ஆங்கிளுக்கு அகராதி கிடையாது, இதற்கு இதுதான் அர்த்தம் என்று இல்லை. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் தேர்தலில் தோற்று நிற்கும் நாயகன் கேனைக் கீழிருந்துதான் எடுத்தார்கள், அதற்காகத் தரையையே வெட்டி கேமராவை இறக்கினார்கள். ஆள் மலை மாதிரி தெரிவார். ஆனால் தலைக்கு மேல் கூரை அழுத்தும், நண்பன் ஒருவனைத் தவிர சுற்றி யாரும் இல்லை. லோ ஆங்கிள்தான், ஆனால் தோல்வி.

உங்கள் மகன் இடப்பக்கம் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக அந்தப் பக்கம் இடம் விடுவோம். விடாதீர்கள். மூக்கு ஃபிரேமின் இட ஓரத்தை முட்டட்டும், முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் கிடக்கட்டும். பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும்.

அப்புறம், க்ளோசப்பைச் சேமித்து வையுங்கள். நான் எடிட் செய்த ஒரு படத்தில் வசனத்துக்கு வசனம் க்ளோசப். கடைசியில் நாயகி அழும்போது இன்னும் நெருங்கிப் போக ஷாட்டே இல்லை. இரண்டு நாள் எடிட்டிங் திரையில் டைம்லைனை வெறித்துப் பார்த்ததுதான் மிச்சம்.

ஃபோகஸ்காரன்:
க்ளோசப்புக்கு வைட் லென்ஸை (அகலமான பரப்பைக் காட்டுவது) முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகும். தள்ளி நின்று, தூரத்திலிருந்தே முகத்தை நெருக்கமாகக் காட்டும் 85 எம்எம் லென்ஸ் போடுங்கள்.

முதல்படம்:
நேற்று மறுபடி எடுத்தேன். கேமரா அப்பாவின் தோளுக்குப் பின்னால், கண் மட்டத்தில். பாதி ஃபிரேம் அவர் தோள்தான், கறுப்பாக. மிச்ச இடத்தில், ஓரத்தை ஒட்டி மகன். அப்பா தண்ணீர் எடுக்கக் கையை நீட்டியபோது அவன் முகம் முழுசாக மறைந்துபோனது. நான் யோசித்து வைத்ததே இல்லை, அந்த டேக்கைத்தான் வைத்திருக்கிறேன். நண்பன் இந்த முறை ஷாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அவர் ஏன்டா பதிலே பேசல?" என்றுதான் கேட்டான்.

அப்பாவின் லோ ஆங்கிளைத் தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை. விளக்கு வைக்கவே மூன்று மணி நேரம் ஆனது.

கத்தரிக்கோல்:
தூக்கிப்போடுங்கள்.