அரசியல் வணிகச் சுழற்சி: வேறு நல்ல சொல் உண்டா?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். இளங்கலைப் பொருளியல் நூல், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாக்குப்பதிவுக்கு முன் அரசு செலவைக் கூட்டுவதும், முடிந்ததும் பிடியை இறுக்குவதும் திரும்பத் திரும்ப நடக்கிறதே, அதைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் நார்ட்ஹவுஸ் 1975இல் எழுதிய ‘The Political Business Cycle’ கட்டுரையின் தலைப்பை ‘அரசியல் வணிகச் சுழற்சி’ என்று பெயர்த்தேன். வகுப்பில் வாசித்தால், “அரசியலே வணிகம்தானே சார்” என்று சிரிக்கிறார்கள்.

சேலத்துக்காரர்:
சிரிக்கத்தான் செய்வார்கள். ‘வணிகம்’ வடசொல், அதைத் தூக்குங்கள். கடல்நீர் ஏறி இறங்குவதற்கு நம்மிடம் ‘ஓதம்’ என்ற சொல் இருக்கிறது. ‘தேர்தல் ஓதம்’ என்றால் போதும்.

கல்வெட்டுப் பித்தன்:
வடசொல்லா? அழகர்மலையில், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் உப்பு வாணிகன் இருக்கிறான், கொழு வாணிகன் இருக்கிறான். கொழு என்றால் கலப்பையின் இரும்பு முனை. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை, நாளை எழுதுகிறேன்.

கல்லூரி ஆசிரியை:
ஐயா, கொழுவை நாளைக்கே வைத்துக்கொள்ளலாம். ஓதம் என்றால் என் மாணவர்களுக்குச் சுவரில் ஏறும் ஈரம்தான். அவர்களுக்குப் புரிவது பெட்ரோல் பங்க். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. கச்சா எண்ணெய் ஏறியும் தொடவில்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநில முடிவுகள் 2022 மார்ச் 10இல் வந்தன. 22ஆம் தேதி லிட்டருக்கு 80 காசு கூடியது. அங்கிருந்து 16 நாளில் 10 ரூபாய்! இதில் வணிகம் எங்கே வருகிறது? தேர்தல்தான் வருகிறது. சொல்லிலும் அது இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
நூலில் அமெரிக்க எடுத்துக்காட்டுதான். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 20 விழுக்காடு உயர்த்தும் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1972 ஜூலையில் கையெழுத்திட்டார். கூடிய தொகை அக்டோபர் காசோலையில் வந்தது, நவம்பரில் தேர்தல். ‘தேர்தல்சார் பொருளாதாரச் சுழற்சி’ என்று போடவா?

கல்லூரி ஆசிரியை:
நீளம்தான், ஆனாலும் போடுங்கள். ஒரு சின்னத் தயக்கம்: நம் நாட்டில் ஆண்டுதோறும் எங்காவது தேர்தல். சக்கரம் ஒரு சுற்றை முடிப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கல்வெட்டுப் பித்தன்:
சரி, எனக்கும் சம்மதம். தூக்கம் வருகிறது.

சேலத்துக்காரர்:
ஏழெழுத்தில் முடியவேண்டியதை இப்படி ரயில்பெட்டி மாதிரி கோக்கிறீர்கள். அடிக்குறிப்பிலாவது ‘ஓதம்’ வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா.